ரெண்டு நிமிஷக் குதிரை

ஒரு சுற்றுலாவை விமர்சனம் செய்ய முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது, எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்துவைத்த பிரதிதான் அதுவும். நாவலில் பக்கங்கள், இங்கே நிமிஷங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வெனிஸ் நகரத்தைச் சுற்றியுள்ள காயலில் முரானோ, புரானோ, தோர்ச்செல்லோ என்ற தீவுகளுக்குத் தனிப்படகில் கைடோடு போய்வந்த அரைநாள் பயணத்தை அப்படித்தான் இங்கே வாசிக்கிறேன். முரானோ கண்ணாடிக்குப் பேர்போனது, புரானோ லேஸுக்கு. தோர்ச்செல்லோவில் பார்க்க வேண்டியது பழைய தேவாலயமும் அதன் மொசைக் சுவர்களும். அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

முரானோவில் எங்களை ஒரு பட்டறைக்குள் அழைத்துப்போனார்கள். பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். மாஸ்டர் உலைக்குள் இரும்புக்கம்பியை விட்டு, தேன் மாதிரித் தொங்கும் ஒரு கண்ணாடி உருண்டையை எடுத்தார். இடுக்கியால் இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு கிள்ளல். கால், பிடரி, வால். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, முன்னங்கால்களைத் தூக்கியபடி ஒரு குதிரை நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அடுத்த கதவு திறந்தது, ஷோரூம்.

நாடகமாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. நெருப்பு இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, ஒற்றை நாயகன் இருக்கிறான், உச்சமும் இருக்கிறது. ஆனால் அந்த நாடகம் எதையெல்லாம் வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். முரானோ உலைகளில் மாஸ்டர் தனியாக வேலை செய்வதில்லை. அவருக்குக் கீழே உதவியாளர், எடுபிடிப் பையன் என்று ஒரு குழுவே உண்டு. அந்தக் குழுவுக்கு அவர்கள் பேச்சில் 'பியாட்சா' என்று பெயர். இன்னொன்று, அந்தக் குதிரையை அப்படியே வெளியில் ஆறவிட்டால் விரிசல் விட்டு உடைந்துபோகும். தனிச்சூளையில் மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூட்டைக் குறைத்தால்தான் நிலைக்கும். கண்ணாடியிலும் பாதி வேலை காத்திருப்புதான். நமக்குக் காட்டப்பட்டது காத்திருக்கத் தேவையில்லாத பாதி.

கைடு வரலாறும் சொன்னார், நன்றாகவே சொன்னார். தீ விபத்துக்குப் பயந்து 1291இல் வெனிஸ் குடியரசு எல்லா உலைகளையும் முரானோவுக்கு மாற்றியது. தொழில் ரகசியத்தைக் காப்பதற்கும் அது வசதியாகப் போயிற்று. கைவினைஞர்களுக்குச் சலுகைகள் கிடைத்தன, ஆனால் குடியரசை விட்டு வெளியே போய்த் தொழில் செய்யத் தடை. பிறகு 17ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் முரானோவின் கண்ணாடிக்காரர்களை ஆசைகாட்டி பிரான்ஸுக்கு இழுத்த கதை. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் வந்து அது முடிகிறது. உளவுப்படம் மாதிரி சுவாரசியம்.

அவர் சொல்லாமல் விட்டது, இதே கோல்பேர் அதே 1660களில் வெனிஸ் பக்கத்து லேஸ் தைக்கும் பெண்களையும் பிரான்ஸுக்கு வரவழைத்தார் என்பதை. அலான்சோன் ஊரின் புகழ்பெற்ற லேஸுக்குப் பின்னால் அவர்களுடைய விரல்கள் இருக்கின்றன. அதே அமைச்சர், அதே பறிப்பு. ஆண்களைக் கொண்டுபோனது சாகசக்கதையாகிவிட்டது, பெண்களைக் கொண்டுபோனது ஒரு வாக்கியமாகக்கூட மிஞ்சவில்லை.

புரானோவில் இது இன்னும் அப்பட்டம். படகு அணையும்போதே கைடு பேசுவது வீடுகளின் வண்ணங்களைப் பற்றி. மஞ்சள், நீலம், ரத்தச்சிவப்பு. எந்தப் பாலத்தில் நின்றால் போட்டோ நன்றாக விழும் என்பதைப் பற்றி. லேஸ்? கடைவீதியில் தொங்குகிறது, வேணும்னா பார்த்துக்கலாம்.

உண்மையில் அது எப்படித் தைக்கப்படுகிறது தெரியுமா? காகிதத்தில் வரைந்த கோலத்தைத் துணி அடுக்கின் மேல் வைத்து, கோட்டின் வழியே ஒரு நூலைப் பதிக்கிறார்கள். பிறகு அந்த நூலையே பிடிமானமாக வைத்து, ஊசியால் வெற்றிடத்தை முடிச்சு முடிச்சாக நிரப்புகிறார்கள். கடைசியில் அடித்துணிக்கும் காகிதத்துக்கும் இடையிலுள்ள தையலை வெட்டினால் லேஸ் மட்டும் தனியே வந்துவிடும். அடியில் துணியே இல்லாத தையல். அதனால்தான் அதன் பழைய பெயருக்குக் 'காற்றில் இட்ட தையல்' என்று அர்த்தம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் தேர்ந்த ஒரு பெண். ஒரு மேஜைத்துணி பல கைகள் மாறிப் பல மாதங்கள் கழித்து முடியும். இதில் ரெண்டு நிமிஷத்தில் காட்ட என்ன இருக்கிறது? ஊசி உள்ளே போகும், வெளியே வரும். கைதட்ட ஒரு இடமும் கிடையாது.

கதை இல்லாமலும் இல்லை. 1872இன் கடும்குளிரில் காயல் உறைந்து, மீன்பிடிக்க வழியில்லாமல் புரானோ பட்டினி கிடந்தது. அப்போது அந்தப் பழைய தையல் முறையை முழுசாக அறிந்தவர் என்று சென்ச்சா ஸ்கார்பரியோலா என்ற ஒரு கிழவிதான் மிச்சம். அவருக்குச் செய்யத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது. ஊர்ப் பள்ளி ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்று, சில பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சீமாட்டி அந்திரியானா மார்ச்செல்லோவின் ஆதரவில் அது ஒரு லேஸ் பள்ளியாக வளர்ந்து, 1970இல் மூடப்படும்வரை நடந்தது. அந்தக் கட்டடம் இன்று லேஸ் மியூசியம். எங்கள் பாதையிலிருந்து சில நிமிஷ நடைதான். அரைமணி நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். படகுக்கு அடுத்த சவாரி இருக்கிறது என்றார்கள். 'பிரைவேட்' என்பது இருக்கைக்குத்தான், நேரத்துக்கு இல்லை.

சுற்றுலாக்காரர்கள் வராவிட்டால் இந்தத் தொழில்கள் என்றைக்கோ செத்திருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. மறுக்கமாட்டேன். இரவு பகலாக எரியவேண்டிய முரானோ உலைகள், எரிவாயு விலை ஏறிய 2021-22 காலத்தில் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டதை வாசித்திருப்பீர்கள். பணம் வரத்தான் வேண்டும். என் கேள்வி, இந்தப் பயணம் வாங்குபவரின் கண்ணை எதற்குப் பழக்குகிறது என்பது. கைவினை என்றால் வேகம், லாவகம், ஒரு ஆண், கொஞ்சம் நெருப்பு என்று முரானோவில் கற்ற கண்தான் புரானோவின் கடைக்குள் நுழைகிறது. அங்கே ஊசியால் தைத்த ஒரு சின்னத் துணியின் விலையைப் பார்த்ததும் அதற்கு ஏமாற்று என்று தோன்றுகிறது. பக்கத்திலேயே மெஷின் லேஸ், பத்தில் ஒரு பங்கு விலை. என்னோடு வந்த குடும்பம் அதைத்தான் வாங்கியது. அவர்களை எப்படிக் குறை சொல்வது? விலைக்கான காரணத்தை அந்த அரைநாளில் யாரும் சொல்லவில்லையே. அசலைக் காக்க முரானோ கண்ணாடிக்கு 1994இல் வெனெத்தோ மாநிலம் சட்டப்படி ஒரு முத்திரையே கொண்டுவந்தது. ஆனால் எந்த முத்திரையாலும் மாசக்கணக்கான உழைப்பைப் பார்க்கக் கண்ணுக்குச் சொல்லித்தர முடியாது. கைடால் முடியும்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபோண்டமெந்தே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் பொதுப்படகு இதே தீவுகளுக்குத்தான் போகிறது. யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். புரானோவில் இறங்கி நேராக மியூசியத்துக்குப் போங்கள். லேஸ் தைக்கும் வயதான பெண்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் எதிரே ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். ஒரு நகத்தளவுகூட முடிந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் விலையைக் கேளுங்கள்.