ஊசோன் பாலந்தையும் நம் கிஸ்ஸாக்களும்: வாசகரின் மூன்று முறைப்பாடுகள்

ஈழத்துத் தமிழ் நாவலின் பிறப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று ஆண்டுகள் சொல்லப்படும்: 1885, 1891, 1895. முதலாவது அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்'. மூன்றாவது திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'. இரண்டுக்கும் நடுவில் வந்தது, அதே திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'. முதலாவதற்கு 'ஈழத்தின் முதல் தமிழ் நாவல்' என்ற மரியாதை கிடைத்திருக்கிறது. மூன்றாவதற்குத் தமிழின் முதல் சரித்திர நாவல் என்ற பட்டம் இருக்கிறது. நடுவிலுள்ளவருக்கு ஒன்றுமில்லை. இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்கு ஓரிரு பந்திகள் கிடைக்கும். அதிலும் 'தழுவல்', 'அற்புதக் கதை' என்ற இரண்டு சொற்களோடு காரியம் முடிந்துவிடும்.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. அசன்பே சரித்திரம் மீண்டும் வெளிச்சத்துக்கு வருமுன், ஈழத்தின் முதல் நாவல் எது என்ற வாதத்தில் ஊசோன் பாலந்தையின் பெயரும் அடிபட்டது. 1885 என்ற ஆண்டு உறுதியானதும் அந்த வாதம் தீர்ந்தது. வாதம் தீர்ந்ததோடு புத்தகத்தைப் பற்றிய அக்கறையும் தீர்ந்துபோனதுதான் துக்கம். 'முதல்' என்ற ஓட்டப்பந்தயத்தில் தோற்ற நூலை நாம் வாசிக்கவே தேவையில்லை என்று முடிவுகட்டிவிட்டோம். வென்ற நூலையாவது வாசித்தோமா என்றால், அதுவும் குறைவு. 1885ஐப் பரீட்சைக்கு மனனம் பண்ணிய நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அசன்பேயின் கதை தெரியும்?

இன்னாசித்தம்பியைப் பற்றிப் பேசினால் வாசகர்கள் பொதுவாக மூன்று முறைப்பாடுகளை வைப்பார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

கொன்ஸ்தாந்தினோப்பிள் சக்கரவர்த்தியின் மனைவி மீது, மதத் தலைவர் ஒருவர் ஆசை வைக்கிறார். அவள் இணங்கவில்லை. அவர் அவள் மேல் பழியைப் போடுகிறார். சக்கரவர்த்தி விசாரியாமல் கர்ப்பிணியான அவளைத் துரத்திவிடுகிறான். காட்டில் அவளுக்கு இரட்டை ஆண்பிள்ளைகள் பிறக்கின்றன. ஒரு பிள்ளையைக் கரடி தூக்கிக்கொண்டு போய்த் தன் குட்டிகளோடு வளர்க்கிறது. அவன்தான் ஊசோன். மற்றவனைப் பிராஞ்சு தேசத்து அரசன் கண்டெடுத்து வளர்க்கிறான். அவன்தான் பாலந்தை. வளர்ந்த பிறகு, காட்டு மனிதனைப் பிடிக்கப் போன பாலந்தை, அவன் தன் கூடப்பிறந்தவன் என்று அறியாமலே அவனோடு மல்லுக்கட்டி அடக்கிக் கூட்டிவருகிறான். தாயைத் தேடுவதும், பிறப்பை அறிவதும், இராட்சதர்களோடு போரிடுவதுமாக மீதிக் கதை விரிகிறது.

முதல் முறைப்பாடு: "இது தழுவல்தானே, இவர்ர சொந்தச் சரக்கா?"

சொந்தச் சரக்கு அல்ல, உண்மைதான். இது ஐரோப்பாவின் பழைய வீரக் கதை. போர்த்துக்கேயக் கதை என்று நம்மிடையே சொல்லப்பட்டாலும், இதன் உரைநடை வடிவம் 1489இல் பிரான்சின் லியோன் நகரில் பிரெஞ்சு மொழியில் அச்சேறியது. பிறகு பல மொழிகளுக்குப் போனது. எவருக்கும் சொந்தமில்லாமல், சொன்னவருக்கெல்லாம் சொந்தமாகிப்போன கதை அது.

கிழக்குக் கரைக்கு அது ஆங்கிலப் பள்ளிக்கூடம் வழியாக வந்ததாகத் தெரியவில்லை. பெயர்களைப் பாருங்கள். ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து எழுதியவர் 'ஓர்சன்', 'வலன்டைன்' என்றுதான் எழுதியிருப்பார். ஊசோன், பாலந்தை என்பவை காதால் கேட்டு நாவில் புரண்ட பெயர்கள். போர்த்துக்கேய வாயிலிருந்து தமிழ்க் காதுக்கு வந்தவை என்றே படுகிறது. இதற்கு வலுவான துணைச் சாட்சியும் உண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் சிவில் சேவையில் இருந்து சுவடிகளைச் சேகரித்த ஹியூ நெவில் என்பவரின் தொகுப்பு இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதில், இலங்கைப் பறங்கியரின் கிரியோல் போர்த்துக்கேய மொழியில் இதே கதை உள்ளது. ஆக, கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கோட்டை கட்டியவர்கள் போய் இருநூற்றைம்பது ஆண்டு கழிந்த பின்னும், அவர்களுடைய மொழியும் கதையும் இந்தக் கரையில் சாதாரண சனங்களின் வாயில் இருந்திருக்கின்றன. வாய்க்கதையாக அலைந்ததைத் தமிழ் உரைநடையில் பிடித்துவைத்தது இன்னாசித்தம்பியின் வேலை.

தழுவல் என்பதற்காக அதைத் தள்ளுவதென்றால், நம் பக்கத்தில் எதை மிச்சம் வைப்பது? உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு அறபு மூலங்கள் உண்டு. நம் கிஸ்ஸாக்களில் பல பாரசீகத்திலிருந்தும் அறபியிலிருந்தும் வந்தவை. கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் அது எப்படிப் பேசியது என்பதே பெரிது.

இரண்டாவது முறைப்பாடு: "பறக்கிற குதிரையும் பேசுற தலையும் சின்னப் பிள்ளையளுக்குச் சொல்ற கதை. இதெல்லாம் நாவலா?"

இந்த முறைப்பாட்டுக்குப் பின்னால் ஒரு முழு விமர்சன மரபே நிற்கிறது. பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வந்தது. நா. சுப்பிரமணியனின் 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்' 1978இல் வந்தது. அந்தக் காலகட்டத்தில் நாவலைச் சமூகத்தின் கண்ணாடியாகவும் மண்ணின் குரலாகவும் பார்க்கப் பழகினோம். அது தேவையான பழக்கம். அதனால் நமக்கு நல்ல நாவல்கள் கிடைத்தன. ஆனால் அந்த அளவுகோல் 1891இல் இல்லை. இல்லாத அளவுகோலால் அன்றைய நூலை அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

'மண்வாசனை' என்ற சொல்லைக்கூடக் கொஞ்சம் நிதானமாகப் பிரயோகிக்க வேண்டும். அசன்பே சரித்திரத்தில் எகிப்தில் பிறந்த பிள்ளை திருடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் படித்து, மீண்டும் மிசுறு போய்ப் பெற்றோரைச் சேர்கிறான். இதை 'அந்நியக் களம்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பிரித்தானியரை எதிர்த்து நின்ற எகிப்தின் ஒறாபி பாஷா 1883 தொடக்கம் நாடுகடத்தப்பட்டு இலங்கையில் இருந்தார். சித்திலெப்பையோடு நெருங்கிப் பழகினார். 1885இல் நம் வாசகருக்கு மிசுறு ஒரு தூரதேசம் அல்ல. வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட செய்தி அது. துறைமுகத்து வாசகருக்கு இது இன்னும் பொருந்தும். கப்பல்களும் கடற்படையும் வந்துபோகிற உட்துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, கொன்ஸ்தாந்தினோப்பிள் என்ற பெயர் கற்பனையாகத் தோன்றியிராது. அதுவும் ஒரு துறைமுகம்தானே. மோகனாங்கியைத் திருகோணமலைக்காரர் ஒருவர் சென்னையில் இருந்துகொண்டு, நாயக்கர் காலத்துத் தஞ்சையையும் திருச்சியையும் வைத்து எழுதினார். மூன்று நூலும் வெளியூரைப் பேசுகின்றன. கடல் பார்த்த ஊர்களின் எழுத்து அப்படித்தான் தொடங்கும்.

இனி அற்புதங்களுக்கு வருவோம். அற்புதக் கதை என்பது நினைத்தபடி எதையும் நடத்துவது அல்ல. நல்ல அற்புதக் கதைக்கு உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. இந்தக் கதையின் பிரெஞ்சு மூலத்தில் வருகிற பித்தளைத் தலையைப் பாருங்கள். ஒரு கோட்டையில் இருக்கிற அந்தத் தலை, தகுதியுள்ள வீரன் வந்து நின்றால்தான் உண்மையைச் சொல்லும். அது பாலந்தையிடம் இரண்டு விஷயம் சொல்கிறது. நீ யாருடைய பிள்ளை என்பது ஒன்று. உன் ஊமைச் சகோதரனின் நாக்கின் அடியில் இருக்கிற இழையை வெட்டினால் அவன் பேசுவான் என்பது மற்றது. கரடி பால் கொடுத்து வளர்த்தாலும் அதனால் மொழி கொடுக்க முடியவில்லை. மொழி, தன் இனத்தாரிடமிருந்துதான் வரவேண்டும். கரடியும் பித்தளைத் தலையும் வேடிக்கைக்காக வந்தவை அல்ல என்பது இங்கே விளங்குகிறது. பிறப்பு, வளர்ப்பு, பேச்சு என்ற மூன்றையும் அற்புதங்களை வைத்தே கதை யோசிக்கிறது.

முடிவும் சின்னப் பிள்ளைகளுக்கான முடிவு அல்ல. மூலக் கதையில், இத்தனை தேடித் தகப்பனைக் கண்டடைந்த அதே வீரன், போர்க்களத்தில் ஆளை அடையாளம் தெரியாமல் அந்தத் தகப்பனையே கொன்றுவிடுகிறான். அதற்குப் பரிகாரமாக ஏழு ஆண்டுகள், தன் சொந்த மாளிகையின் படிக்கட்டுக்குக் கீழே, எவருக்கும் தன்னைக் காட்டாமல், ஊமைப் பிச்சைக்காரனாக, மிச்சம் மீதியைத் தின்று கிடந்து சாகிறான். ஊமையாக இருந்த சகோதரனுக்குப் பேச்சு வந்தது. பேச்சுள்ளவன் தானாக ஊமையானான். இதைவிடக் கனமான முடிவு எத்தனை யதார்த்த நாவல்களில் உண்டு?

நம் சமூகத்து வாசகருக்கு இன்னோர் இடமும் உறைக்க வேண்டும். கதை முழுவதும் ஓர் அவதூறிலிருந்து பிறக்கிறது. பத்தினிப் பெண் மீது பழி சொல்பவன் நான்கு சாட்சி கொண்டுவர வேண்டும், இல்லையேல் 80 கசையடி என்று சூறா நூர் விதிக்கிறது. அந்த விதி இல்லாத ஓர் அரண்மனையில் என்ன நடக்கும் என்பதை ஊசோன் பாலந்தை காட்டுகிறது. சாட்சி கேட்காத ஒரு கணவனால் ஒரு குடும்பம் காடு மேடாகச் சிதறுகிறது.

மூன்றாவது முறைப்பாடுதான் கடினமானது: "நம்மட ஆக்கள இழிவாக் காட்டுற கதைய நாம ஏன் படிக்கணும்?"

இதை மழுப்பக் கூடாது. சிலுவைப்போர்க் காலத்து மனம் இந்தக் கதையின் மூலத்தில் இருக்கிறது. அங்கே எதிரிகள் 'சரசேனர்'. முஸ்லிம்களைத்தான் அப்படி அழைத்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய வீரக் கதைகள் முஸ்லிம்களைச் சிலை வணங்குகிறவர்களாகக் காட்டின. சிலையை அடியோடு மறுத்த மார்க்கத்தைப் பற்றி இதைவிட அறியாமை இருக்க முடியாது. இதை வாசிக்கும்போது முகம் சுளிப்பது இயல்பு.

ஆனால் அதே கதையை இன்னொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். அதன் மிக அழகான அற்புதம், பக்கோலே என்ற குள்ளன் செய்த மரக்குதிரை. தலையில் உள்ள ஆணியைத் திருகினால் அது வானத்தில் பறக்கும். ஆயிரத்தொரு இரவுகளில் வருகிற கருங்காலிக் குதிரையை அறிந்தவர்களுக்கு அந்த ஆணி எங்கிருந்து வந்தது என்று விளங்கும். எங்களைப் பகைவராகக் காட்டிய கதை, எங்கள் குதிரையில் ஏறித்தான் பறந்திருக்கிறது. அந்தக் குதிரை மேற்கே போய், பிறகு போர்த்துக்கேயக் கப்பலில் ஏறி, கொட்டியாரக் குடாவுக்கு வந்து இறங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

இன்னும் ஒன்று உண்டு. அந்தக் கதையில் சரசேன இளவரசி ஒருத்தி பாலந்தையை விரும்பி, அவனுடைய மதத்துக்கு மாறுகிறாள். அதை வாசித்து எரிச்சல்படுகிற நாம், நம் சைத்தூன் கிஸ்ஸாவை நினைத்துப் பார்த்தோமா? அலி (ரலி) அவர்களின் மகன் முகம்மது ஹனீபாவை எதிர்த்து, சைத்தூன் என்ற வீரப் பெண் போர்க்கோலத்தில் நிற்கிறாள். தோற்கிறாள். இஸ்லாத்தைத் தழுவி அவரை மணக்கிறாள். அச்சு ஒன்றுதான், வார்த்த உலோகம் வேறு. எதிரியின் மகள் நம் பக்கம் வருவதை இரண்டு சமூகங்களும் ஒரே மாதிரி ரசித்திருக்கின்றன. பிறர் கதையில் குத்துவது நம் கதையில் இனிக்கிறது என்றால், அந்த வித்தியாசம் கதையில் இல்லை, வாசிக்கிற நம்மில் இருக்கிறது. இதை அறிந்துகொள்வதற்காகவே இன்னாசித்தம்பியை ஒரு முஸ்லிம் வாசகர் படிக்கலாம். கத்தோலிக்க வாசகர் சைத்தூன் கிஸ்ஸாவைப் படிப்பதற்கும் அதே நியாயம் உண்டு. மூன்று இனத்தவரும் ஒரே துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

இன்னாசித்தம்பிக்கு நடந்ததுதான் நம் கிஸ்ஸாக்களுக்கும் படைப்போர்களுக்கும் நடந்தது. 'இலக்கியத் தரம் இல்லை' என்று பண்டிதர் ஒதுக்கினார். 'யதார்த்தம் இல்லை' என்று விமர்சகர் ஒதுக்கினார். 'ஆதாரம் இல்லாத கட்டுக்கதை' என்று நம் ஆட்களே ஒதுக்கினார்கள். இந்தக் கடைசி ஒதுக்கலை மார்க்க விஷயத்தில் நான் மறுக்கவில்லை. வணக்க வழிபாட்டுக்குக் கிஸ்ஸாவை ஆதாரமாக்க முடியாது. ஆனால் கற்பனையைக் கற்பனை என்று தெரிந்து வாசிப்பதில் என்ன கெட்டுப்போகிறது? மூத்தம்மாமார் விளக்கு வெளிச்சத்தில் இராகம் போட்டுப் படிக்க, கேட்டிருந்தவர்கள் ஹனீபாவின் போரையும் ஜின்களின் மாளிகையையும் கதை என்று தெரிந்துதான் கேட்டார்கள். நம்மைவிட அவர்கள் விவரம் கெட்டவர்கள் அல்லர்.

ஐரோப்பாவிலும் இந்த வழக்கு நடந்தது. செர்வாந்தேஸ் இப்படிப்பட்ட வீரக் கதைகளைக் கேலி பண்ணித்தான் 'தொன் கிஹோத்தே'யை எழுதினார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பறக்கும் மரக்குதிரையும் ஆணியோடு வருகிறது, கேலிப்பொருளாக. ஆனால் கேலி பண்ணுவதற்கே அவர் அவற்றையெல்லாம் கரைத்துக் குடித்திருக்க வேண்டியிருந்தது. தன் கதையை ஓர் அறபு வரலாற்றாசிரியர் எழுதியதாக வேறு சொல்லிக்கொண்டார். அங்கே வாசித்துவிட்டுக் கடந்தார்கள். நாம் வாசிக்காமலே கடந்துவிட்டோம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஊசோன் பாலந்தை, அசன்பே, மோகனாங்கி மூன்றையும் 'முதல் எது' என்று கேட்காமல், ஒரே பத்தாண்டில் ஈழத்துத் தமிழ் எழுத்தாளர்கள் மூன்று சமயப் பின்னணியிலிருந்து என்ன கனவு கண்டார்கள் என்று கேட்டு, சேர்த்து வாசிக்கலாம். திருகோணமலையின் கல்லூரிகளில் மேல்வகுப்புத் தமிழ் மாணவர்களுக்கு இது ஒரு தவணைக்கான நல்ல வேலை. கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் கிஸ்ஸாவை இராகத்தோடு சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அவற்றைப் பதிவு பண்ணலாம். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எங்கே இருக்கிறது? சொல்லுகிறவர் இருக்கிற வீடுகள்தான் குறைந்துகொண்டு வருகின்றன.