ஆண்டாள் கிளியும் மரவள்ளி இலையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலை உடம்பு, மாதுளம்பூ மூக்கு, கட்டி நிறுத்துவது வாழைநார். பல மணி நேர வேலை. மறுநாள் அது யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய் வாடிவிடும். செய்த கையின் பெயர் அதில் இராது. இந்த வட்டாரத்துக் கலைஞர்களைத் தூண்டுவது எது என்ற கேள்வியை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்குத் தெரியவில்லை.

மலையும் மண்ணும்தான் தூண்டுகின்றன என்று ஒரு பதில் உண்டு. இவ்வட்டாரத்து மகாராஜபுரத்தில் நின்றால் மேற்கே சதுரகிரி மலை வானை அடைத்துக்கொண்டு நிற்பது உண்மைதான். ஆனால் அது எல்லார் கண்ணிலும்தான் படுகிறது. கிளியில் மலையின் சாயல் எதுவும் இல்லை. கொல்லையில் வளரும் இலைதான் இருக்கிறது.

பக்தி என்ற பதிலை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. நாளை இராது என்று தெரிந்த பொருளுக்கு இத்தனை உழைப்பைக் கொட்ட வேறு எந்தக் காரணமும் போதாது. ஆனால் பக்தி ஒருவரை வேலையில் உட்கார வைக்கும்; இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று சொல்லித் தராது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) ரமணாசிரமத்தில் தங்கியவர், பக்தியில் குறைவில்லாதவர். சிவகாசி அச்சகங்கள் வழியே வீடுவீடாகப் போன அவருடைய சாமிப் படங்களில் தெய்வங்கள் நம்மை நேர்ப்பார்வையாகப் பார்த்து நிற்கும் கோலத்தை, சென்னை ஓவியப் பள்ளியும் அவர் திரைச்சீலை எழுதிய நாடக மேடையுமே தந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

கிளிக்குத் திரும்புவோம். இது காலங்காலமாக மாறாத மரபு, செய்பவர் வெறும் கருவி என்று பெருமையாகவே சொல்கிறார்கள். மரவள்ளி அதை மறுக்கிறது. அது தென் அமெரிக்கச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே இந்தியாவுக்குள் நுழைந்தது. திருவாங்கூரில் அது பெருகியது 19ஆம் நூற்றாண்டில். ஆகவே, ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் இந்தப் புது இலையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். இதன் பச்சை கிளியின் பச்சை, இது மடிப்புக்கு இணங்கும் என்று தேர்ந்திருக்கிறார். அதற்கு முன் வேறு இலை இருந்ததோ, இந்த வழக்கமே பின்னால்தான் தொடங்கியதோ, எப்படியானாலும் அந்தத் தேர்வு ஒரு கலைஞனுடையது. அதை மரபின் கணக்கில் எழுதி, மனிதரை அழித்துவிட்டோம். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

இதனாலேயே கிளியை உச்சியில் வைத்துவிட முடியுமா? முடியாது. இன்று செய்பவர் நேற்றைய கிளியையே செய்தாக வேண்டும். சிறகைச் சற்று விரிக்க அவருக்கு உரிமையில்லை. ஆண்டாள் அந்த உரிமையை எடுத்துக்கொண்டவள். தான் பாடிய நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் பத்தில், பாலும் அடிசிலும் ஊட்டித் தான் வளர்த்த கிளியைக் குயிலுக்குத் தோழியாக்குகிறேன் என்கிறாள். அதற்கு விலையாகத் தன் தலைவனை வரச்சொல்லிக் கூவச் சொல்கிறாள். வீட்டுப் பறவை அங்கே ஒரு பெண்ணின் தவிப்புக்குப் பணயமாகிவிடுகிறது. இலைக்கிளி அந்தத் தூரம் போகவில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஆண்டாளின் பாட்டுக்குக் கீழே, ஆனால் கைவினை என்ற ஒதுக்குப்புறத்துக்கு வெகு மேலே, இலைக்கிளி முழுமையான கலை. அதன் ஊற்று, பொருளின் குணமறிந்த கண்ணும் சாயரட்சை என்னும் மாலைப் பூசைக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுவும். பக்தி அந்த வேலைக்குக் காரணம். அதன் தரத்துக்குக் காரணம் பயிற்சி. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள், பயிற்சிக்கு என்ன கூலி, அடுத்து யார் கற்கிறார்கள் என்று கேட்காமலே கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.