சத்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள்

தமிழ் சினிமாவில் ஆட்டிசம் என்றதும் சொல்லப்படும் படம் 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’. ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கியது. கிஷோர் தந்தை, பிருத்விராஜ் தாஸ் மகன், சினேகா ஆசிரியை. அந்தச் சிறுவனின் ஓரப்பார்வையும் நடையும் பார்த்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அவன் குரல் நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. அக்கறையோடு எடுக்கப்பட்ட படம் அது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் படம் முடிந்து எழுந்து வரும்போது மனதில் தங்குவது ஒரு மௌனமான பிள்ளை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் பல வீடுகளில் முதல் பிரச்சினையே சத்தம்தான். நான்கு வயதுப் பிள்ளை ‘ஈ...’ என்று ஒரே சுருதியில் அரைமணி நேரம் இழுக்கும். தொண்டைக்குள் எதையோ உருட்டும். மிக்சி நின்ற பிறகும் மிக்சியின் ஓசையை விடாது. புறநகர் ரயில் நிலையத்தில் கேட்ட ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்ற அறிவிப்பை, நடைமேடை எண் உட்பட, அதே பெண்குரலின் ஏற்ற இறக்கத்தோடு காலையிலிருந்து இரவுவரை சொல்லும். வோக்கல் ஸ்டிம்மிங் என்று இதற்குப் பெயர். கேட்டதைத் திரும்பச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று தனிப்பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறை, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளையும் பேச்சையும் சேர்த்தே சொல்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்? வீட்டுக்குள் புழங்கும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். கத்துறான், அனத்துறா, முனகுறான், ராகம் இழுக்குறான், அடம் புடிக்குறா. ஒன்றுகூட வெறும் வர்ணனை இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது பிள்ளையைத் தொட்டுவிட்டு உடனே பெற்றவளிடம் போய்விடுகிறது. அச்சில் வரும் சொல்லான ‘மதியிறுக்கம்’ வேறொரு வகையில் பிழையானது. உள்ளே ஏதோ இறுகிக் கிடக்கிறது, வெளியே ஒன்றும் வருவதில்லை என்று அது சொல்கிறது. சுவரைத் தாண்டி மூன்றாவது போர்ஷன்வரை கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரை எப்படிப் பொருத்துவது?

சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த பிறகு வளர்ந்த ஊர்கள் இவை. குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் போக மற்றவர்களுக்கு வாய்த்தது ஒரு காம்பவுண்டுக்குள் நான்கைந்து போர்ஷன், நடுவே பொதுச்சுவர், ஒரே மோட்டார், ஒரே மொட்டைமாடி. இந்த ஊரின் நாள் பொழுதை ஷிஃப்ட்தான் தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவர் இரவு வேலை முடித்து வந்து காலை எட்டு மணிக்குப் படுப்பார். எதிர்வீட்டில் ஒருவர் மதியம் இரண்டுக்குக் கிளம்பி நள்ளிரவில் வருவார். வேறு ஊரில் என்றால் ‘பகலில் கத்தட்டும், ராத்திரி தூங்கிவிடுவான்’ என்று சமாளிக்கலாம். இங்கே பிள்ளை குரல் எழுப்ப அனுமதியுள்ள மணி என்று ஒன்று கிடையாது.

‘என்னக்கா, புள்ளைக்கு உடம்பு சரியில்லையா, ராத்திரி பூரா சத்தம் கேட்டுச்சே’ என்ற விசாரிப்பில் ஆரம்பிக்கும். அடுத்தது ஹவுஸ் ஓனர் வாடகை வாங்க வரும்போது சொல்லும் ஒரு வாக்கியம். அதற்கடுத்தது வீடு மாற்றம். இந்த மூன்றும் யாரிடம் சொல்லப்படுகின்றன என்பதுதான் இங்கே விஷயம். பிள்ளையின் அப்பா பைக்கை எடுக்கும்போதோ கேட்டைப் பூட்டும்போதோ யாரும் அவரிடம் கேட்பதில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில், துணி காயப்போடும் மாடியில், அவளிடம்தான் கேட்கிறார்கள். சொந்த வீட்டுக்குள்ளும் அதே கதைதான். ‘நாள் பூரா மெஷின் சத்தத்துல நின்னுட்டு வர்றேன், வீட்லயாவது அமைதி வேணாமா’ என்று கணவர் கேட்பது பொய்யான களைப்பு இல்லை. ஆனால் அந்த அமைதியை உற்பத்தி செய்து கொடுக்கும் வேலை யாருடையது, அதற்கு எத்தனை மணி நேர ஷிஃப்ட் என்று கேட்க இந்த ஊரின் தொழிற்சங்கங்களுக்கும் தோன்றியதில்லை.

திரும்பவும் சினிமாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அது சத்தத்தோடு சேர்த்து இன்னொன்றையும் அழிக்கிறது. ‘ஹரிதாஸ்’ படத்தில் தாய் இறந்துவிட்டாள். 2011இல் வந்த ‘தெய்வத்திருமகள்’ படத்தில் குறைபாடு தந்தைக்கு, அங்கேயும் தாய் பிரசவத்தோடு போய்விடுகிறாள். ராம் இயக்கி 2019இல் திரைக்கு வந்த ‘பேரன்பு’ படத்தில் தாய் வேறொருவரோடு சென்றுவிடுகிறாள். தாயை அப்புறப்படுத்திய பிறகே இந்தக் கதைகள் நகர ஆரம்பிக்கின்றன. காரணம் எளிது. ஒரு பெண் செய்யும்போது அது அன்றாடம், ஆண் செய்யும்போதுதான் அது கதை. ‘பேரன்பு’ இந்த வரிசையில் நேர்மையான படம். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த அமுதவனுக்குத் தன் மகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை அது மறைக்கவில்லை. போனவளை அது வில்லியாக்கவும் இல்லை. ஆனால் அவள் மகளோடு தனியாக இருந்த அந்த ஆண்டுகளைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அது வேறு படமாகியிருக்கும். மம்மூட்டி இருந்திருக்க மாட்டார்.

அமுதவன் மகளை அழைத்துக்கொண்டு மனித வாடையில்லாத ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறார். பனியும் தண்ணீரும் அழகாகத்தான் இருக்கின்றன. மகளுக்கு மூளை முடக்குவாதம், ஆட்டிசம் இல்லை. ஆனாலும் இங்கே அந்த வீட்டைச் சொல்லக் காரணம் உண்டு. தொந்தரவு என்று ஊர் நினைக்கும் பிள்ளையை ஊருக்கு வெளியே கொண்டுபோவதை ஒரு கவித்துவமான தீர்வாக அந்த வீடு காட்டுகிறது. திருமுல்லைவாயலில் ஒற்றை அறை போர்ஷனில் இருப்பவளுக்கு ஏரி தெரிந்தால்கூட, அதன் கரையிலும் வீடுகள்தான் இருக்கும். 1990இல் வந்த மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் தாய் இருக்கிறாள், அடுக்குமாடிக் குடியிருப்பும் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை தாயைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் தருணத்துக்காகத்தான் படம் நம்மைக் காக்க வைக்கிறது. ‘அம்மா’ என்ற சொல்தான் குரல், மற்றதெல்லாம் சத்தம் என்ற தரவரிசையை அதிலிருந்து நாம் இன்னும் மீட்டெடுக்கவில்லை. சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் பெண்களிடம் உறவினர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: ‘அம்மான்னு சொல்றானா?’

ரயில் அறிவிப்பைச் சொல்லும் பிள்ளை அம்மா என்று கூப்பிடாமல் இருக்கலாம். ஆனால் அது அர்த்தமில்லாமல் சொல்வதாக ஏன் முடிவு கட்டுகிறோம்? 1981இல் பேரி பிரிஸாண்ட், ஜூடித் டுகன் இருவரும் ஆட்டிசமுள்ள குழந்தைகள் உடனுக்குடன் எதிரொலிக்கும் பேச்சை ஆராய்ந்து, அதற்கு ஏழு வகைப் பயன்கள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். முறை மாற்றிப் பேசுவது, ஆமாம் என்று சொல்வது, வேண்டும் என்று கேட்பது, தன்னைத்தானே வழிநடத்திக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். 2019இல் ஸ்டீவன் காப்பும் உடன் ஆய்வாளர்களும் ஆட்டிசமுள்ள 32 பெரியவர்களிடம் ஸ்டிம்மிங் பற்றிக் கேட்டபோது, தாங்க முடியாத உணர்ச்சியையும் புற இரைச்சலையும் சமாளிக்க அது உதவுகிறது என்றார்கள். அதை ஒழிப்பதையே நோக்கமாகக் கொண்ட சிகிச்சைகளை அவர்கள் விரும்பவில்லை. வெளியே ஹாரனும் பக்கத்து வீட்டு டிவியும் தாளாதபோது உள்ளிருந்து ஒரு சத்தத்தை எழுப்பி அதை மறைத்துக்கொள்கிறது பிள்ளை. மகிழ்ச்சியிலும் அதே சத்தம் வரலாம். திடீரென்று புதிதாக ஒரு சத்தம் ஆரம்பித்தால் மட்டும் காதையும் பல்லையும் வயிற்றையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதுவும் ஒரு வழி.

பொருளில்லாத ஓசையை மதிக்கத் தெரியாத பண்பாடும் இல்லை நம்முடையது. குலவைக்கு என்ன பொருள்? தாலாட்டில் ‘தால்’ என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பித்தான் இங்கே தலைமுறைகள் தூங்கியிருக்கின்றன. ஆறுதலுக்காக ஓசையைத் திருப்பிச் சொல்லும் உரிமை தாய்க்கு உண்டு, பிள்ளைக்கு இல்லை என்பது விசித்திரமான சட்டம்.

சத்தத்தை நிறுத்தச் சொல்லும் சிகிச்சை முறைகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் வளர்த்தெடுத்த நடத்தைப் பயிற்சியின் பேர்போன 1987 ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. விரும்பத்தகாத நடத்தைக்கு உரத்த ‘நோ’வும் சில நேரம் தொடையில் ஓர் அடியும் அந்த முறையின் பகுதிகள். அடி பிறகு கைவிடப்பட்டது. ‘அமைதியாக உட்கார்ந்தால் சிப்ஸ்’ என்ற கணக்கு கைவிடப்படவில்லை. நம் பக்கத்தில் ஒரு அமர்வு முக்கால் மணி நேரம், மீதியை ‘ஹோம் புரோகிராம்’ என்று நோட்டில் எழுதித் தருகிறார்கள். ‘பேரண்ட் ட்ரெயினிங்’ என்று பெயர், வரிசையில் உட்கார்ந்திருப்பது பெண்கள். ஒரு தெரபிஸ்ட் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை, சமைத்துக்கொண்டே, சம்பளமில்லாமல், நாள் முழுவதும் செய்ய வேண்டும். முன்னேற்றம் இல்லை என்றால் ‘வீட்ல ஃபாலோ பண்றீங்களா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றவளைக் குற்றவாளியாக்குவதற்கு இந்தத் துறையில் முன்மாதிரி உண்டு. லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதினார். பெற்றோரின் குளிர்ந்த மனத்தைப் பற்றிய அவர் குறிப்புகள் ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்ற கோட்பாடாக வளர்ந்தன. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ அதை ஊரறியச் செய்தது. அதே 1967இல் கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்ற தாய் தன் மகளை வளர்த்த அனுபவத்தை ‘முற்றுகை’ என்ற பெயரில் எழுதினார். கானர் 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். விடுவிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. நம் ஊரில் குளிர்பதனப் பெட்டியின் இடத்துக்கு இப்போது செல்போன் வந்திருக்கிறது. ‘போனக் குடுத்துட்டு இவ சீரியல் பாத்தா’ என்று மாமியார் சொல்வதையே ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று கோட்டு போட்டவர்களும் சொல்கிறார்கள். அப்படியொரு நோயறிதல் அந்த 2013 வரையறையில் இல்லை. கைக்குழந்தைக்குத் திரை நல்லதில்லை என்பது வேறு விஷயம். காலை ஆறு மணியிலிருந்து அந்தப் பிள்ளையோடு தனியாக இருப்பவள் சோறு வடிக்கும் பத்து நிமிடத்துக்குப் போனைக் கொடுத்தாளா என்று விசாரிப்பவர், அந்தப் பத்து நிமிடம் பிள்ளையை வாங்கிக்கொள்ள வருவதில்லை.

இங்கே தமிழில் எழுதும் நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. ஆட்டிசம் பற்றித் தமிழில் நல்ல எழுத்து வந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ பல பெற்றோருக்கு முதல் புத்தகம். லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஒரு தாயின் கைப்பட வந்தது. இவற்றுக்கு வெளியே, பத்திரிகைகளின் அன்னையர் தினச் சிறப்பிதழ்களில் ஒரு வார்ப்பு அப்படியே இருக்கிறது: சலிக்காத தாய், தெய்வக் குழந்தை. அதில் ஒரு வாக்கியத்துக்கு இடமே இல்லை: ‘இந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.’ ஒரே சுருதியில் மணிக்கணக்கில் கேட்கும் ஒலி யாருடைய தலையையும் வலிக்க வைக்கும். அப்படிச் சொன்னால் பாசம் குறைந்தவள் ஆகிவிடுகிறாள். சொல்லாமல் இருப்பவள் ஒருநாள் பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள், கதவைச் சாத்திவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள். சத்தம் பிள்ளையின் உரிமை என்று எழுதுகிற நாம், கேட்பவளின் காதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது துரோகம் இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் கணவர் பிள்ளையோடு மாடிக்கோ, ரயில் பார்க்க ஸ்டேஷனுக்கோ போவது உதவி இல்லை, அவர் பங்கு. பிள்ளையின் சுருதியிலேயே கூடச் சேர்ந்து முனகிப் பார்த்து, மெல்லக் குறைத்து, ஒரு விளையாட்டாக மாற்றிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். மெல்லுவதற்கான ரப்பர் குழாய் சில பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறது, சிலது தூக்கி எறிந்துவிடும்.

சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது, பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. ‘மத்த பசங்களுக்கு டிஸ்டர்பன்ஸ்’ என்ற ஒரு சொல்லில் அது நர்சரி வாசலிலேயே நின்றுவிடுகிறது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமோ முட்டுக்காட்டில், நகரத்தின் மறுமுனையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில். ஆவடியிலிருந்து பஸ் மாறி மாறிப் போகும் அந்தத் தூரம் முழுக்கப் பிள்ளை குரல் எழுப்பும், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், மடியில் வைத்திருப்பவளைத்தான்.

பெண் பிள்ளையென்றால் கதை இன்னும் சீக்கிரம் முடிகிறது. பையன் கத்தினால் ‘சுட்டி’ என்று சில வருடம் தள்ளிப்போடுவார்கள். பெண் குரல் எழுப்பினால் மூன்று வயதிலேயே ‘பொம்பளப் புள்ள, என்ன சத்தம்’ என்று அதட்டல் வந்துவிடும். அதட்டலுக்கு அடங்கி, சத்தத்தை உதட்டுக்குள் மடித்து, விரலில் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டு வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பெண்ணை ‘அமைதியான பொண்ணு’ என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுகிறார்கள்.