பாயும் இருக்கையும் சங்கும்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலை விட்டு இறங்கி, சைனைடு மண்மேடுகளை ஒட்டி நடந்தபோது ஒரு கேள்வி கூடவே வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியபின் இங்கே குடியேறிய தமிழர்களில் பலர் வட ஆர்க்காட்டுக்காரர்கள். தெருக்கூத்தின் தாய்மண் அது. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் ஊர்களிலிருந்து வந்து, ஷிப்டுச் சங்குக்குக் கட்டுப்பட்டுப் பாதாளம் இறங்கியவர்கள் எப்படிப்பட்ட பார்வையாளர்களாக மாறியிருப்பார்கள்?

நாட்டுக்கு நாடு நாடக ரசிகர்கள் வேறுபடுகிறார்கள் என்பது பயணிகள் வழக்கமாகச் சொல்வது. எனக்கோ, மக்களின் இரவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து நடக்கும்போது சனம் தரையில் பாய் விரித்துவிடும். நடுவில் கண் அயர்ந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை, தெரிந்த கதைதானே. சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் வந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடுவார். அன்பளிப்புத் தந்தவர் பெயரை ஆட்டத்தை நிறுத்திச் சொல்வார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் நெடுக மல்லாந்து கிடக்க, ஊரே போர்க்களத்துக்குள் நிற்கும். ஆடுபவர் யார், பார்ப்பவர் யார் என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. கூத்து முடிந்தால் கைதட்டல் கிடையாது. பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

அதே மண்ணின் புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான், பாரிசின் 'தியேத்ர் து சொலெய்' குழுவுக்குக் கூத்துப் பயிற்றுவித்தார். அரியான் மினுஷ்கின் இயக்கிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில் 2016இல் அது மேடையேறியது. அந்தக் குழுவின் அரங்கம் ஒருகாலத்தில் தோட்டாத் தொழிற்சாலை. நடிகர்கள் வேஷம் கட்டுவதைப் பார்த்தபடியே உள்ளே போகலாம். புரிசைக்காரருக்குப் பழகிய காட்சி. விளக்கு அணைந்ததும் ஊர் வேறாகிவிடுகிறது. பார்வையாளர்கள் இருட்டில் அமைதியாக இருந்து, அத்தனை அன்பையும் சேர்த்துவைத்துக் கடைசியில் நெடுநேரம் கைதட்டிக் கொடுக்கிறார்கள். அதையும் நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

இலங்கையில், மட்டக்களப்பின் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வட்டக்களரியில் எதிர்ப்பக்கத்து முகங்களும் கூத்தோடு சேர்ந்து தெரியும். 1985இல் யாழ்ப்பாணத்தில் ஆடப்பட்ட குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்துக்கு வந்தவர்கள் தங்கள் துயரத்தையே எதிரில் கண்டார்கள். அங்கே இரவு போரின் கையில் இருந்தது.

தங்கவயலின் இரவு கம்பெனியின் கையில் இருந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, சங்கும் ஓய்ந்தது. இப்போது விடிவதற்குள் பெங்களூரு ரயிலைப் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். இங்கே நாடகம் போட வரும் குழு முதலில் பார்க்கவேண்டியது அந்த ரயில் அட்டவணையைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரண்டு மணி நேரம், பாய் விரிக்கத் தோதாகக் கொஞ்சம் திறந்த தரை.