கேட்டால் எண் சொல்லும் கண்ணாடிக் குப்பி

மேமோகிராமில் தெரிகிறது, விரலுக்கு அகப்படவில்லை. மார்பகப் புற்றுநோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்கப் பழகியதால் வந்த சிக்கல் இது. படம் பார்ப்பவருக்கு இடம் தெரியும். கத்தி பிடிப்பவருக்குத் தெரியாது. 1970களிலிருந்து இருவருக்கும் நடுவே தூது போனது ஒரு கொக்கிக் கம்பி. ஆபரேஷன் அன்று காலையில் அதைக் கோளாறு உள்ள இடம்வரை செலுத்துவார்கள். மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும் அந்தப் பெண்.

கம்பிக்கு மாற்றாக வந்தவற்றுள் என் மனம் ரேடியோ அலை டேகில்தான் நிற்கிறது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘லோக்கலைசர்’ இந்த வகை. நீளம் சுமார் 11 மி.மீ., தடிமன் 2 மி.மீ. வளர்ப்பு நாய்களின் தோலடியில் வைக்கிறார்களே அடையாளச் சில்லு, அதே குடும்பம். கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சில்லும் கம்பிச்சுருளும். கண்ணாடி வழுக்கும், மார்பகத்தின் கொழுப்போ இளகியது. அதனால் குப்பியின் மேல் ஒரு பகுதிக்கு மட்டும் பாலிப்ரொப்பிலீன் உறை, திசுவில் பிடித்துக்கொள்வதற்காக. பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்!

உள்ளே பேட்டரி கிடையாது. கேட்பவரே பேசுவதற்கான தெம்பையும் தர வேண்டும். வெளியே பிடிக்கும் கருவியின் காந்தப்புலம் பட்டதும் சுருளில் மின்சாரம் பிறக்கும். சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். கம்பிக்கு இன்னொரு மாற்றான அயோடின்-125 கதிரியக்க விதையைப் போல நாளுக்கு நாள் தேய்கிற கதிர்வீச்சு இதில் இல்லை. ஆகவே அறுவைக்குப் பல நாள் முன்பே அல்ட்ராசவுண்டிலோ மேமோகிராமிலோ பார்த்து வைத்துவிடலாம். அன்று காலை ஓட்டம் மிச்சம்.

எனக்குப் பிடித்தது அது சொல்லும் இரண்டே சொல்தான்: தன் எண், எத்தனை மில்லிமீட்டர் தூரம். எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதைக் கை கண்டுபிடிக்க வேண்டும். தோலின் மேல் கருவியை நகர்த்த நகர்த்த, திரையில் 24, 19, 15 என்று குறைந்து, ஓரிடம் தாண்டியதும் மறுபடி ஏறும். எண் அடிமட்டத்தைத் தொட்ட இடத்துக்கு நேர் கீழே டேக். கீறிய பிறகு, பென்சில் போன்ற 8 மி.மீ. முனையைக் காயத்துக்குள்ளேயே விட்டுக் கேட்கலாம். கம்பி நுழைந்த வழியே போகவேண்டிய கட்டாயம் இல்லை. தழும்பு மறையும்படி மார்க்காம்பின் கருவட்ட ஓரத்தில் கீறி உள்ளே போகலாம்.

கோளாறு பரந்திருந்தால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு டேக் வைப்பார்கள். எது எங்கே என்ற குழப்பம் வராது; ஒவ்வொன்றுக்கும் தனி எண். மற்றொரு மாற்றான காந்த விதைக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை.

குறையும் உண்டு. செலுத்தும் ஊசி தடிமன். எம்.ஆர்.ஐ. எடுத்தால் டேகைச் சுற்றி நிழல் விழுந்து படம் கெடும்.

எடுத்த திசுவின் மேல் முனையை வைத்தால் எண் வருகிறது. அதனால் டேக் வெளியே வந்தது உறுதி. நோய் முழுதும் வந்ததா என்பது வேறு கேள்வி. அந்தத் திசுவை அப்போதே எக்ஸ்ரே எடுத்து, டேகின் அருகே கட்டியோ சுண்ணப் புள்ளிகளோ இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஓரங்களில் மை தடவி, அந்த மைவரை புற்றுச் செல்கள் எட்டியிருக்கின்றனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நோய்க்குறியியல் நிபுணர்.