தோம்பில் ஏறாத வீடுகள்

சித்திரம் என்றால் சீலையில் தீட்டிய வர்ணம், சிற்பம் என்றால் கல்லில் கொத்திய உருவம் என்று நெடுங்காலம் பழகிவிட்ட ரசனைக்கு, காகிதமும் துணியும் பழம்பாத்திரமும் கிழிந்த புகைப்படமும் ஒன்றுகூடி ஒரு கலாசிருஷ்டியாக முன்னே நிற்கும்போது தயக்கம் உண்டாவது இயல்பே. ஆயினும் எங்கள் ஆலையடிவேம்பைப் போல, தமிழரும் முஸ்லிம்களும் அயல் ஊரவராய் வாழ்ந்து, பன்பாய் இழைப்பதையும் மருதமுனைத் தறியில் நூல் ஓடுவதையும் பிறந்த நாள் தொட்டே பார்த்து வளர்ந்த கிழக்குக் கரையில், அந்தத் தயக்கம் நெடுநேரம் நிற்க நியாயமில்லை. பாயின் நிறக்கோட்டைப் பாயிலிருந்து உரித்தெடுத்துத் தனியே சுவரில் தொங்கவிட இயலாது; அழகும் பிரயோசனமும் அங்கே ஒரே இழையில் பிறக்கின்றன. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி 1908 இல் வெளியிட்ட பெருநூலில் கொல்லரையும் நெசவாளரையும் தந்தச் சிற்பியையும் ஒரே கௌரவத்தோடு நடத்தியதன் நியாயம் இந்தக் கரையில் வாழ்பவனுக்கு எளிதில் விளங்கும்.

இந்த எண்ணத்தோடுதான் ஓவியர் தா. சனாதனனின் பணியை அணுகுகிறேன். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு தீக்கிரையாகி, பின்னர் மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004 இல் ‘அகம் புறம்’ என்ற கண்காட்சி நடந்தது. அதில் அவர் தம் தூரிகையை முன்னிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் சுமார் 500 பேரிடமிருந்து, யுத்த காலத்தைத் தாண்டி அவர்கள் பாதுகாத்து வைத்திருந்த ஞாபகப் பொருள்களைக் கேட்டு வாங்கி, வரலாறுகளின் வரலாறு என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பாகக் காட்சிக்கு வைத்தார். நூல்கள் எரிந்த இடத்தில் வீட்டுப் பொருள்களை ஏடுகளாக வாசிக்கக் கொடுத்த அந்தத் தேர்விலேயே கலைஞனின் கை முழுமையாகத் தெரிகிறது. ஒரு சமூகம் தானே பொருளைக் கொணர்ந்து, தானே பார்வையாளராக வந்து நிற்கும் கண்காட்சியில் கலைஞனின் சாமர்த்தியம் அடக்கத்தில்தான் இருக்கிறது. அவன் சற்று அதிகம் பேசிவிட்டாலும் பொருள்கள் மௌனமாகிவிடும்.

ஆனால் என் மனம் மீண்டும் மீண்டும் திரும்புவது 2011 இல் வெளிவந்த அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற சித்திர நூலிடத்தேதான். ஒல்லாந்தர் ஆட்சியில் காணியையும் உரித்தாளரையும் பதிந்து வைத்த ஏடே தோம்பு. அந்த அரசாங்கப் பதிவேட்டின் தோரணையை எடுத்துக்கொண்டு, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு அவர் வேண்டினார். அவர்கள் வரைந்த கோடுகள் முதலில். அவற்றின்மேல், மெல்லிய ஊடுதெரியும் தாளில், கட்டடக் கலைக்குரிய அளவோடு வரைஞர் திருத்தி வரைந்த படம். அப்பால் சனாதனனின் சொந்த உலர்வண்ணச் சித்திரம். கூடவே வீட்டுக்காரரின் கதை.

இந்த மூன்று சாதனங்களின் சேர்க்கையை ரசிப்பதற்கு நிதானம் வேண்டும். நினைவிலிருந்து வரையும் கை அளவுகோலை அறியாது. மனத்தில் பெரிதாய் நிற்பதைத் தாளிலும் பெரிதாய்ப் போட்டுவிடும். வரைஞரின் நேர்கோடு அந்தப் பிழையைத் திருத்துகிறது. திருத்தும்போது வீடு சரியாகி, அதில் வாழ்ந்தவர் மறைந்துபோகிறார். தாள் ஊடுதெரிவதால் மாத்திரமே, நடுங்கிய கோடும் நிமிர்ந்த கோடும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே கணத்தில் கண்ணுக்குப் புலனாகின்றன. சாதாரணத் தாளில் அச்சிட்டிருந்தால் இது ஓர் ஆவணத் தொகுப்பாக நின்றிருக்கும். அந்த ஒரு தாளின் தன்மையே அதைக் காவியத்துக்கு அணித்தாகக் கொண்டுபோகிறது. உலர்வண்ணமோ இயல்பிலேயே நிலையற்றது, தொட்டால் விரலோடு வந்துவிடும் தூள். இழந்த வீட்டைத் தீட்ட எண்ணெய் வர்ணத்தின் உறுதியை நாடாமல் இதை நாடியது எத்துணை நுட்பமான விவேகம்! கலப்பு ஊடகம் என்று சொல்லிக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பலகையில் ஒட்டி வைக்கும் வேலைகளையும் நான் பார்த்திருக்கிறேன்; அவற்றில் ஒரு பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் நஷ்டமில்லை. இங்கே ஒன்றை நீக்கினாலும் மற்ற இரண்டும் ஊமையாகும்.

யாழ்ப்பாணத்துக் கண்காட்சி நடந்த அதே 2004 ஆம் ஆண்டின் டிசம்பர் 26 ஆம் நாள், இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கடல் பறித்தது எங்கள் அம்பாறைக் கரையில்தான். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோரம் நெடுகிலும் வீடுகள் அடித்தளத்தோடு போயின. ஞாபகப் பொருளென்று எடுத்துவைக்கவும் பலருக்கு ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே 500 பேரின் பொருள்களைத் திரட்டிய முறை இங்கே பொருந்தாது. கையையும் நினைவையும் மாத்திரம் நம்பிய தோம்பின் முறையே பொருந்தும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ளூர்க் கலைஞர்கள் கூடி அத்தகைய கண்காட்சியொன்றை அமைப்பார்களாயின், அது யாழ்ப்பாணத்துத் தோம்பின் பிரதியாக ஒருபோதும் இராது. இந்தக் கரையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியே வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாய்ப் போகிறது. மருமகன்தான் அங்கே குடிபுகுகிறான். ஆகையால் எழுதுகோலை முதலில் பெண்களிடமே கொடுக்க வேண்டும். தாயின் வளவைப் பங்கிட்டு மகளுக்கு எழுப்பிய வீடும், அதை ஒட்டித் தங்கைக்கு எழுப்பிய வீடும் ஒரே தாளில் இடம் கேட்கும். தனி வீடாக வரைந்தளிக்கப் பழகிய வரைஞர் அங்கே தம் தாளை இன்னும் அகலமாக விரிக்க வேண்டியிருக்கும்.