கடமும் கிட்டாரும்

ஜாஸையும் கர்நாடக இசையையும் கலக்கிறோம் என்று வரும் பெரும்பாலான முயற்சிகளில் அடியில் டிரம்ஸ் ஓடும், மேலே வயலின் தனக்குத் தெரிந்த ராகத்தை வாசித்துவிட்டுப் போகும். இரண்டும் ஒன்றையொன்று கேட்பதே இல்லை. ‘சக்தி’ குழு 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு இந்த ஒட்டுவேலை பிடிக்காமல் போய்விடும்.

1975 ஜூலையில், அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு அது. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். ‘ஜாய்’ என்ற உருப்படி மட்டுமே ஏறக்குறைய 18 நிமிடம். கிட்டாரும் வயலினும் அசுர வேகத்தில் ஒரே சங்கதியை இம்மி பிசகாமல் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும்.

இது கைகூடியதற்குக் காரணம், ஒவ்வொருவரும் எதையாவது விட்டுக்கொடுத்ததுதான். மின்கிட்டாரில் புகழின் உச்சியில் இருந்த மெக்லாஃப்லின் அதை வைத்துவிட்டு மரக்கிட்டாரை எடுத்தார். ஜாஸின் உயிரான கார்டு மாற்றங்களைப் பெருமளவு குறைத்து, ராகம் கலையாமல் பார்த்துக்கொண்டார். எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். அவருக்கென்றே செய்த கிட்டாரில் குறுக்காக ஏழு தந்திகள் கூடுதலாக உண்டு. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வாகாக விரல்பலகையைக் குடைந்திருந்தார்கள். நம்மவர்கள் சாகித்யத்தை விட்டார்கள். பேஸ் கிட்டார் இல்லாத குறையைக் கடம் தீர்த்தது: பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் விநாயக்ராம் எழுப்பும் ஆழ்ந்த நாதம் மொத்தக் குழுவையும் தாங்கி நிற்கிறது.

மிச்சம் இருந்தது இரு மரபுக்கும் பொதுவான சொத்து: மனோதர்மம். ஜாஸ் கலைஞர்கள் நான்கு நான்கு அளவாக மாறிமாறி வாசிப்பார்கள். நம் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு வரும். ஒருவர் சொன்னதைக் கேட்டு அந்த இடத்திலேயே பதில் சொல்வதுதான் இரண்டிலும் உள்ள ரசம். தியாகராஜருக்கும் மேற்கின் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் தந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு வேறு வழியில் போனது. அங்கே ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டது. ராகம் மேற்கின் ஒத்திசைவுக்குள் அழகாகக் குடியேறியது. சக்தியில் மேடைதான் பட்டறை.

பின்னாளில் மாண்டலின் ஸ்ரீநிவாஸும் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சக்தியில் சேர்ந்தபோதும் அந்த இலக்கணம் மாறவில்லை. 2023இல் வந்த அவர்களின் ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டு அடுத்த ஆண்டே கிராமி விருது பெற்றது.

முடிச்சூரிலும் தாம்பரத்திலும் கீபோர்டும் கிட்டாரும் கற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோலுக்குப் பாடமே வெளியிட்டவர் மெக்லாஃப்லின். நீங்களும் கையில் தாளம் போட்டு, வாயால் சொற்கட்டு சொல்லிப் பழகுங்கள். ஒரு மரபிலாவது ஊறிய பிறகு கலக்க வாருங்கள்.